மறு கரையையாவது மிச்சம் வைப்போம்

தில்லியிலிருந்து மீரட் செல்லும் வழியில், காஜியாபாதைக் கடந்ததும் வரும் ஊர் முராத்நகர். அங்கே மேல் கங்கைக் கால்வாயின் பாலத்தில் நின்று வடக்கே நோக்கினால் இருவேறு காட்சிகளைக் காணலாம். கால்வாயின் ஒரு கரையில் தார்ச் சாலை; அதில் கார்களும் லாரிகளும் ஒன்றையொன்று முந்திப் பறக்கின்றன. மறு கரையில் மரங்களின் நிழலில் மண்ணும் சரளையுமான ஒரு பாதை. பால் கேன்களைக் கட்டிக்கொண்டு வரும் சைக்கிள்காரர், தலையில் புல்லுக்கட்டுடன் நடக்கும் பெண், பள்ளிக்குச் செல்லும் சிறுவர்கள் ஆகியோருக்கு உரிய வழி அது. அங்கே ஒலிப்பான் சப்தம் இல்லை; புகை இல்லை; பின்னால் வரும் வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டிய அச்சமும் இல்லை.

இந்த இரண்டாவது பாதையையும் முதல் பாதையைப் போலவே ஆக்கிவிட வேண்டும் என்பதுதான் உத்தரப் பிரதேச அரசு தீட்டிய திட்டம். முராத்நகரிலிருந்து முஜாஃபர்நகர் மாவட்டத்தின் புர்காஜி வரை 111 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்க் கரையோரமாகப் புதிய சாலை. அதற்காகக் காஜியாபாத், மீரட், முஜாஃபர்நகர் ஆகிய மூன்று மாவட்டங்களில் 1.12 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட அனுமதி கோரப்பட்டு, அதுவும் பெறப்பட்டது. 2024-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதன்பின் வெட்ட வேண்டிய மரங்களின் எண்ணிக்கை 33,776 ஆகக் குறைக்கப்பட்டிருப்பதாக மாநில அரசு தெரிவித்தது. அதற்குள் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டிருந்தன.

மரங்களைப் பற்றிய விவாதம் நாடெங்கும் நடந்தது, நடக்க வேண்டியதுதான். ஆனால், மரங்களோடு சேர்ந்து பறிபோகும் மற்றொன்றைப் பற்றி எவரும் பேசவில்லை. மோட்டார் வண்டிகள் இல்லாத, காலாலும் மிதியாலும் கடக்கக்கூடிய பாதை என்ற அரிய பொதுச் சொத்துதான் அது. மரங்களை வேறோர் இடத்தில் நட்டுவிடுவதாக அரசு கூறலாம். அந்தப் பாதையை எங்கே கொண்டுபோய் நடுவது?

இந்தக் கால்வாயின் வரலாறு தெரிந்தால் இழப்பின் அளவு புரியும். 1837-38 பஞ்சத்தில் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பு சூறையாடப்பட்டதைக் கண்ட பிறகுதான் புரோபி காட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் யோசனை ஏற்கப்பட்டது. 1842-இல் வெட்டத் தொடங்கி, 1854 ஏப்ரல் 8-இல் கால்வாய் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பொறியியல் கல்லூரி ரூர்க்கியில் 1847-இல் அமைந்ததும் இந்தக் கால்வாய்ப் பணிக்கு ஆள்களைப் பயிற்றுவிக்கத்தான். மண் சுமப்பதற்காக ஒரு நீராவி எஞ்சினும் 1851-இல் அங்கே ஓடியது.

ஹரித்வாருக்கும் ரூர்க்கிக்கும் இடையே உள்ள சுமார் 30 கிலோமீட்டர் தொலைவைக் கால்வாய்க் கரையோரமாகக் கடப்பவர், பொறியியல் பாடநூல் ஒன்றையே புரட்டிய அனுபவத்தைப் பெறலாம். சிவாலிக் குன்றுகளின் அடிவாரம் மேடும் பள்ளமுமானது. மழைக்காலத்தில் குன்றுகளிலிருந்து பாய்ந்து வரும் காட்டாறுகள் கால்வாயின் குறுக்கே வருகின்றன. ராணிப்பூரிலும் பத்ரியிலும் காட்டாறு கால்வாய்க்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. தனௌரியில் ரத்மாவு ஆறும் கால்வாயும் ஒரே மட்டத்தில் சந்தித்துப் பிரிகின்றன. ரூர்க்கி அருகே சோலானி ஆற்றுப் பள்ளத்தாக்கிலோ, ஆறு கீழே செல்ல, கால்வாய் அதன் தலைக்கு மேலே தொட்டிப் பாலத்தில் கடக்கிறது. ஆற்றுக்கு மேலே கால்வாய், கால்வாய்க்கு மேலே ஆறு, இரண்டும் ஒரே மட்டத்தில் என மூன்று விதங்களையும் ஒரு காலைப் பொழுதில் காணலாம். காரில் விரைபவருக்கு இதில் ஒன்றும் தென்படாது.

கால்வாய்க் கரைகளில் பாதைகள் ஏன் அமைந்தன? பொறியாளர்கள் குதிரையில் சென்று கரையில் உடைப்பு உண்டா, மடை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. பொதுப்பணித் துறையின் ஆவணங்களில் ஆய்வுப் பாதை என்றும், வட்டார வழக்கில் 'பட்ரி' என்றும் இவை வழங்கப்படுகின்றன. கால்வாயின் நீர் மெல்ல இறங்கிச் செல்ல வேண்டியிருப்பதால், அதனோடு செல்லும் பாதையும் பெரும்பாலும் ஏற்ற இறக்கமின்றிச் செல்கிறது. மூச்சிரைக்க மிதிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் நீர் இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எந்த வண்டியும் குறுக்கிடாது. நிலமோ ஏற்கெனவே அரசினுடையது. கையகப்படுத்தலும் இழப்பீடும் வழக்கும் இல்லை. சைக்கிளுக்கென ஒருவர் பாதை வரைய உட்கார்ந்தால், இதைவிடச் சிறந்த ஒன்றை அவரால் வரைய முடியாது.

பஞ்சாபிலும் ஹரியாணாவிலும், ராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாயிலும், குஜராத்தில் 458 கிலோமீட்டர் நீளும் நர்மதைப் பிரதானக் கால்வாயிலும், தெற்கே கோதாவரி, கிருஷ்ணா, காவிரிப் பாசனப் பகுதிகளிலும் இத்தகைய கரைகள் உள்ளன. ஆகவே இது உத்தரப் பிரதேசத்தின் உள்ளூர்ப் பிரச்னை மட்டுமன்று.

சைக்கிளைப் பற்றிப் பேசினாலே, அது வசதி படைத்தவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் மனப்பான்மை தலைநகரில் நிலவுகிறது. தலைக்கவசமும் இறுக்கமான உடையும் அணிந்து, லட்ச ரூபாய் சைக்கிளில் விடியற்காலையில் இந்தியா கேட்டைச் சுற்றுவோரைப் பார்த்துப் பார்த்து ஏற்பட்ட எண்ணம் அது. புள்ளிவிவரங்கள் வேறு கதையைச் சொல்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமல்லாத பிற தொழில் செய்வோரில் 13.1 சதவீதத்தினர் வேலைக்குச் சைக்கிளில் சென்றனர். மோட்டார் சைக்கிளில் சென்றோரைவிட அது சற்றே அதிகம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ சரிபாதியில் சைக்கிள் இருக்கிறது. ஏழையின் வாகனம் இன்னமும் அதுதான்.

அந்த ஏழை எந்தச் சாலையில் செல்கிறார்? 2022-இல் நாட்டின் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் சுமார் 4,800 பேர். பாதசாரிகள் 32 ஆயிரத்துக்கும் அதிகம். இவர்கள் எவரையும் மோதிக் கொன்றவர்கள் அல்லர், மோதப்பட்டவர்கள். கிராமப்புறச் சாலைத் திட்டம் 2000-இல் தொடங்கப்பட்டபின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் தார்ச் சாலை கிராமங்களை எட்டியது. மருத்துவமனையும் சந்தையும் பக்கமாயின. அதன் பயனை மறுக்க முடியாது. ஆனால், ஒற்றை வழித் தார்ச் சாலையில் எதிரே டிராக்டரோ லாரியோ வரும்போது, ஓரத்து மண்ணில் இறங்கி நிற்க வேண்டியவர் சைக்கிள்காரர்தான். சாலை அகலமாக அகலமாக அவருடைய இடம் குறுகிக்கொண்டே போகிறது.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியே ஆக வேண்டும். நம் மாநில அரசுகள் போட்டி போட்டுக்கொண்டு மாணவர்களுக்கு இலவசச் சைக்கிள் வழங்குகின்றன. தமிழகம் 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு வழங்கத் தொடங்கி, பின்னர் அதை விரிவாக்கியது. பிகாரில் 2006-இல் மாணவியருக்கான திட்டம் வந்தது. மேற்கு வங்கம் 2015-இல் தொடங்கியது. பிகார் திட்டத்தை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாகவும், ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டறிந்தனர். பள்ளி தொலைவிலிருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் வியப்பிராது.

அரசுகள் சைக்கிளைக் கொடுக்கின்றன; அதை ஓட்ட வழியைக் கொடுப்பதில்லை. பதினான்கு வயதுப் பெண்ணின் கையில் சைக்கிளைக் கொடுத்து, லாரிகள் விரையும் சாலையில் அனுப்பிவைக்கிறோம். அவள் பாதுகாப்பாகச் செல்லக்கூடிய கால்வாய்க் கரையையும் லாரிக்கே கொடுத்துவிடுகிறோம். ஒரு துறை கொடுப்பதை மற்றொரு துறை பறிப்பதற்குப் பெயர் வளர்ச்சியாகாது.

சைக்கிளுக்குத் தனிப் பாதை அமைக்கும் முயற்சிகளே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. தலைநகரில் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் இடையே 2008-இல் திறக்கப்பட்ட விரைவுப் பேருந்துத் தடத்தில் சைக்கிளுக்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டது. கார் வைத்திருப்போரின் கூச்சல் ஓயவில்லை. சில ஆண்டுகளில் அந்தத் தடமே இடித்து அகற்றப்பட்டது. 2016 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் இட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டர் சைக்கிள் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. சம்பல், யமுனை ஆறுகளின் பள்ளத்தாக்குகளையும், மழைநீர் அரித்த செம்மண் மடுக்களையும் ஒட்டிச் சென்று தாஜ்மகாலில் முடியும் அழகிய வழி அது. ஆனால், சைக்கிள் அப்போதைய ஆளும் கட்சியான சமாஜவாதியின் தேர்தல் சின்னமுமாயிற்றே! சில மாதங்களில் ஆட்சி மாறியது. அதன்பின் மாநிலத்தின் சைக்கிள் பாதைகளை அகற்றுவது பற்றிய பேச்சு எழுந்ததே தவிர, பராமரிப்பது பற்றிய பேச்சு எழவில்லை. ஆக்கிரமிப்பும் விரிசலும் மிஞ்சின.

இந்த இரு அனுபவங்களும் உணர்த்தும் பாடம் ஒன்றே. சாலையின் ஓரத்தை வெட்டிச் சைக்கிளுக்குக் கொடுத்தால், சாலை அதை மறுபடியும் விழுங்கிவிடும். பெரும் செலவில் புதிதாகக் கட்டினால், அது கட்டியவரின் சின்னமாகி அவரோடு போய்விடும். நிலைக்கக்கூடியது, எவரும் புதிதாகக் கட்டாத, எப்போதோ அமைந்துவிட்ட பாதைதான். அதைச் செய்யவேண்டியதில்லை, கெடுக்காமல் இருந்தால் போதும்.

கெடுக்காமல் இருப்பதற்கு அமெரிக்கத் தலைநகரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போடோமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாண்ட் வரை 184.5 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதன் கரையில் கோவேறு கழுதைகள் நடந்து படகுகளை இழுத்துச் சென்றன. 1924 வெள்ளத்துக்குப் பின் படகுப் போக்குவரத்து நின்றது. கரைப் பாதை மட்டும் எஞ்சியது. அந்தத் தடத்தில் மோட்டார் சாலை அமைக்கும் யோசனை எழுந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வில்லியம் டக்ளஸ் அதைப் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தலையங்கம் எழுதியவர் தன்னோடு வந்து அந்தப் பாதை முழுவதையும் நடந்து பார்க்கட்டும் என்பதே அவருடைய அழைப்பு.

ஆசிரியர்கள் அழைப்பை ஏற்றார்கள். அந்த ஆண்டு மார்ச் 20-இல் கம்பர்லாண்டிலிருந்து நடை தொடங்கியது. எட்டு நாள்களில் முழுத் தொலைவையும் நடந்து முடித்தவர்கள் நீதிபதியையும் சேர்த்து ஒன்பது பேர்தாம். பத்திரிகையாளர்களின் பாதங்கள் கொப்புளித்துவிட்டன. ஆனால், அவர்கள் கருத்தும் மாறிவிட்டது. நாளிதழ் தன் நிலையைத் திருத்திக்கொண்டது. 1971-இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கம்பர்லாண்டுக்கு அப்பால், கைவிடப்பட்ட ரயில் தடங்களில் சுண்ணாம்புக்கல் பொடி பரப்பிப் பிட்ஸ்பர்க் வரை அமைத்த பாதையும் 2013-இல் நிறைவுற்றது. இன்று வாஷிங்டனிலிருந்து ஏறத்தாழ 540 கிலோமீட்டர் தொலைவை, ஒரு காரையும் எதிர்கொள்ளாமல், ஆற்றோரமும் குன்றோரமுமாகச் சைக்கிளில் கடக்க முடிகிறது. வழிநெடுகிலும் உள்ள சிறு ஊர்களில் விடுதிகளும் உணவகங்களும் பிழைக்கின்றன. அந்தப் பாதைகளில் பெரும்பாலும் தார் இல்லை, மண்ணும் கல்பொடியும்தாம்.

நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாம் 'கிராவல்' என்று சொல்லும் சரளைப் பாதை பின்தங்கிய நிலையின் அடையாளம் என்றும், தார் பூசிய பின்புதான் அது சாலையாகிறது என்றும் நம் அதிகாரிகள் கருதுகிறார்கள். கெட்டித்த சரளையில் மழைநீர் இறங்கும். வெயிலில் தாரைப் போலக் கொதிக்காது. உள்ளூர்த் தொழிலாளர்களே செப்பனிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது வேகத்தை விரும்புவோரை அழைப்பதில்லை. சைக்கிளுக்கும் பாதத்துக்கும் அதுவே போதுமானது.

கங்கைக் கால்வாய்ச் சாலைக்கு அரசு கூறும் காரணம் கன்வர் யாத்திரை. ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி வரும் சிராவண மாதத்தில், ஹரித்வாரிலிருந்து கங்கை நீரைத் தோளில் காவடியாகச் சுமந்து, கோடிக்கணக்கானோர் ஊர் திரும்புகிறார்கள். அவர்களுக்காக நெடுஞ்சாலைகள் அடைக்கப்படுகின்றன; மக்கள் அவதிக்குள்ளாகிறார்கள்; யாத்ரிகர்களும் விபத்தில் சிக்குகிறார்கள். இந்தப் பிரச்னை உண்மையானது; அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால், யாத்ரிகர்களில் பெரும்பாலோர் நடப்பவர்கள்; பலர் வெறுங்காலுடன் நடப்பவர்கள். வெறுங்காலுக்கு ஏற்றது நிழலுள்ள மண் பாதையா, மரங்களை வெட்டிப் போட்ட தார்ச் சாலையா? யாத்திரை நடப்பது ஆண்டில் இரண்டு வாரங்கள். மற்ற ஐம்பது வாரங்களும் அந்தச் சாலையில் செல்லப்போவது யார் என்பதை அரசும் அறியும்.

முராத்நகர், மீரட் வட்டாரத்துக்கு விரைவாகச் செல்ல வழியில்லை என்றும் கூற முடியாது. பழைய தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. தில்லி - மீரட் விரைவுச் சாலை 2021 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்தது. நமோ பாரத் விரைவு ரயில் 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் மீரட்டின் தெற்குப் பகுதியை எட்டியது. கால்வாயின் ஒரு கரையும் மோட்டார் வண்டிகளிடம் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு மறு கரையும் வேண்டும் என்பது தேவையன்று, பழக்கம்.

நியாயமான ஆட்சேபங்கள் சில உண்டு. தனிமையான பாதையில் பெண்களுக்குப் பாதுகாப்பு இருக்குமா என்ற கேள்வி அவற்றில் முதன்மையானது. ஆள் நடமாட்டம் இல்லாத எந்த வழியும் அச்சம் தருவதுதான். ஆனால், ஆள் நடமாட்டத்தைப் பெருக்குவதுதான் அதற்கு மருந்து. பள்ளி நேரத்தில் கூட்டமாகச் செல்லும் மாணவியரும், பாலங்களில் ஒரு விளக்கும், ரோந்து வரும் காவலரும் இருந்தால் நிலை மாறும். கால்வாய் நீர் ஆழமும் வேகமும் உடையது. கரையோரம் தாழ்வான தடுப்பும், நீரிலிருந்து ஏறப் படிகளும் வேண்டும். கரும்பு ஏற்றிச் செல்லும் விவசாயிக்கு வயலுக்குப் போக வழி வேண்டும். அறுவடைக் காலத்தில் குறிப்பிட்ட பாலங்களுக்கு இடையே டிராக்டருக்கு அனுமதி தருவதில் தவறில்லை. இவையெல்லாம் தீர்க்கக்கூடியவை. ஒருமுறை நான்கு சக்கரங்களுக்குத் திறந்துவிட்ட பாதையை மீட்பதுதான் தீராத வேலை.

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 1873-ஆம் ஆண்டின் வட இந்தியக் கால்வாய், வடிகால் சட்டம், கால்வாய்க் கரைகளில் விதிகளுக்கு மாறாக வண்டிகளை ஓட்டுவதைக் குற்றமாகவே கருதுகிறது. கரையைக் காக்க ஆங்கிலேயர் வைத்த விதி அது. அதையே மக்களைக் காக்கவும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பாலத்தின் அருகிலும், சைக்கிள் நுழையக்கூடிய, கார் நுழைய முடியாத இடைவெளியில் இரண்டு கல் தூண்களை நட்டால் பாதி வேலை முடிந்தது. மழைக்குப் பின் குழிகளில் சரளை நிரப்பக் கரையோர ஊராட்சிகளுக்கு ஊரக வேலைத் திட்டங்களின் வழியாக நிதி தரலாம்.

மத்திய அரசின் பங்கும் உண்டு. 2006-இல் வகுத்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று நல்லதொரு கருத்தைக் கூறியது. ஆனால் அது நகரங்களுக்கானது. சைக்கிளை அதிகம் நம்பியிருக்கும் கிராமங்களுக்கு அத்தகைய கொள்கை இல்லை. கால்வாய் நவீனமயம், கரை பலப்படுத்தல் என்று மாநிலங்களுக்கு மத்திய நிதி செல்லும்போதெல்லாம், இரு கரைகளில் ஒன்று மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். நாடெங்கும் பல்லாயிரம் கிலோமீட்டர் பாதை, ஒரு பிடி நிலம்கூடக் கையகப்படுத்தாமல் மக்களுக்குக் கிடைக்கும்.

சாலை போடுவதுதான் வளர்ச்சி என்ற காலம் ஒன்று இருந்தது. சாலையே இல்லாத நாட்டில் அது சரியாகவும் இருந்தது. எந்த இடத்தில் சாலை போடக்கூடாது என்று தெரிந்துகொள்வதும் வளர்ச்சிதான் என்பதை இப்போது உணர வேண்டும்.

திட்டத்துக்குக் கையெழுத்திடும் அமைச்சரும் அதிகாரியும், ஆதரித்தும் எதிர்த்தும் எழுதும் நாமும், ஒரு நாள் விடியற்காலையில் ஆளுக்கொரு வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு முராத்நகர்ப் பாலத்திலிருந்து வடக்கே மறு கரையில் பத்து கிலோமீட்டர் சென்று வரலாம். கோப்பில் காலியிடமாகத் தெரியும் நிலத்தில் எத்தனை பேர் அன்றாடம் போய் வருகிறார்கள் என்பது அப்போது கண்ணில் படும். அதன் பிறகும் அங்கே தார்ச் சாலைதான் வேண்டும் என்று தோன்றினால், அந்தப் பால்காரரும் பள்ளிச் சிறுமியும் இனி எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதையும் அதே கோப்பில் எழுதிவிடட்டும்.